மேல்மாடி அலமாரியிலிருந்து இணையக் காப்பகம் வரை: பழைய நகைச்சுவைத் தொடரைப் பாதுகாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளத்தூரில் எங்கள் வீட்டு மேல்மாடியில், சீர்ச் சாமான்கள் அடுக்கிய அறையின் மூலையில் ஒரு தேக்கு அலமாரி உண்டு. எவர்சில்வர் தூக்குகளுக்கும் பீங்கான் சாடிகளுக்கும் பின்னால் 41 வீடியோ கேசட்டுகள் இருந்தன. பாதி கல்யாணமும் சாந்திக் கல்யாணமும். மீதி, என் அப்பத்தா வாராவாரம் தவறாமல் பதிவு செய்த தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர். பினாங்கில் இருந்த சொந்தக்காரர்களுக்கு அனுப்புவதற்காகத் தொடங்கிய வேலை, பிறகு பழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் நீல மையில் அவர் கையெழுத்து: ‘செவ்வாய் – சிரிப்பு – 3’. தேதி இல்லை, தொடரின் பெயரும் இல்லை.

அந்தக் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றி, பட்டியலிட்டு, பல கைகளில் சேர்த்துவைக்க எனக்கு இரண்டு ஆண்டுகள் ஆயின. அதில் கற்றுக்கொண்டதை, இதே வேலையைத் தொடங்க நினைப்பவருக்காக வரிசையாக எழுதுகிறேன். செட்டிநாட்டில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள் எத்தனையோ. சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் வந்த வீடியோ டெக்குகள் நம் ஊர்களில் சீக்கிரமே புழங்கின. தயாரித்தவர்களிடமே இல்லாத பகுதி உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கலாம்.

இது வெறும் ஆசைப் பேச்சு இல்லை. 1968 முதல் 1977 வரை பிபிசி ஒளிபரப்பிய ‘டாட்ஸ் ஆர்மி’ நகைச்சுவைத் தொடருக்கு மொத்தம் 80 பகுதிகள். காந்த நாடா விலை உயர்ந்த பொருளாக இருந்த காலம் அது. அழித்துவிட்டு அதிலேயே மறுபடி பதிவு செய்வது வழக்கம். இரண்டாம் பருவத்தில் ஐந்து பகுதிகள் அப்படிக் காணாமல் போயின. அவற்றில் இரண்டு, ஒரு தனி மனிதர் பத்திரப்படுத்தி வைத்திருந்த பிலிம் பிரதிகளாக 2001இல் திரும்பக் கிடைத்தன. மூன்று இன்றுவரை கிடைக்கவில்லை. மாறாக, 1951இல் தொடங்கிய அமெரிக்காவின் ‘ஐ லவ் லூசி’ தொடக்கத்திலிருந்தே 35 மில்லிமீட்டர் பிலிமில் எடுக்கப்பட்டதால் இன்றும் தெளிவாக இருக்கிறது.

முதலில் நோட்டுப் புத்தகம், பிறகு கேசட்

கேசட் கிடைத்ததும் டெக்கில் போட்டுப் பார்க்கத்தான் கை துடிக்கும். பொறுங்கள். ஒரு நீள நோட்டை எடுத்து, கிடைத்த ஒவ்வொரு கேசட்டுக்கும் ஓர் எண் கொடுங்கள்: 001, 002 என்று மூன்று இலக்கத்தில். எந்த வீடு, எந்த அறை, யார் கொடுத்தார்கள், எந்த நாளில் வாங்கினீர்கள் என்று எழுதுங்கள். கேசட்டின் முதுகு, முகம், உறை மூன்றையும் கைப்பேசியில் படம் எடுங்கள். பழைய ஒட்டுத்தாளைப் பிய்க்காதீர்கள். அதன் மேல் புதிதாக எழுதவும் வேண்டாம். ‘சிரிப்பு 3’ என்ற இரண்டு சொற்கள் எதற்குத் துப்பாகும் என்று இப்போது தெரியாது.

வட்டிக்கடை நாள்களிலிருந்து பேரேடு எழுதிப் பழகிய ஊர் இது. பர்மாவில் கொடுத்த கடனுக்கும் கோயில் கொட்டகைக்கு வாங்கிய மூங்கிலுக்கும் ஒரே கவனத்தோடு கணக்கு எழுதியவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பட்டியலின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பட்டியல் இல்லாத கேசட், வாரிசு தெரியாத சொத்து மாதிரி. இருந்தும் யாருக்கும் பயன்படாது.

உறவினர் வீடுகளில் கேட்கும்போது ‘பழைய சீரியல் கேசட் இருக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். கல்யாண கேசட்டுகளைக் காட்டச் சொல்லுங்கள். மூன்று மணி நேரக் கேசட்டில் கல்யாணம் இரண்டே கால் மணி நேரத்தில் முடிந்திருக்கும். மிச்ச இடத்தில் யாரோ தொடரைப் பிடித்து வைத்திருப்பார்கள். தேவகோட்டையில் ஓர் ஆச்சி வீட்டில் எனக்கு அப்படித்தான் நான்கு பகுதிகள் கிடைத்தன. கேசட்டைக் கையில் கொடுக்குமுன் அவர் கேட்டது ஒன்றுதான்: “கல்யாணத்தை அழித்துவிட மாட்டாயே, தம்பி?” அந்தக் கேள்வியை ஒவ்வொரு வீட்டிலும் எதிர்பாருங்கள். கேசட்டின் முதுகுப்பக்க ஓரத்தில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் காதை உடைத்துவிட்டால் எந்த டெக்காலும் அதன் மேல் பதிவு செய்ய முடியாது. கொடுத்தவர் கண்ணெதிரிலேயே அதை உடைத்துக் காட்டினால் அவர் நிம்மதியாகத் தூங்குவார்.

பூசணம், தூசி, வெயில்

விஎச்எஸ் (வீடுகளில் புழங்கிய வீடியோ கேசட் வகை) கேசட்டின் சிறிய சன்னல் வழியே நாடாச் சுருளின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பாக, வழவழப்பாக இருந்தால் நல்லது. வெள்ளைத் தூள் படிந்ததுபோல, மெல்லிய பஞ்சுபோல இருந்தால் பூசணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓடு ஒழுகும் வீடுகளில் இது சாதாரணம். பூசணம் பிடித்த கேசட்டை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மூடி, தனியாக வையுங்கள். முகக்கவசம் இல்லாமல் திறக்க வேண்டாம். நல்ல டெக்கில் ஒருபோதும் போடாதீர்கள். டெக்கில் நாடாவைப் படிக்கும் தலைப்பகுதியில் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். இதற்கு மட்டும் அனுபவமுள்ள ஆளிடம் போவதே சரி.

வற்றல் வடகத்தைப் போல மாடியில் வெயிலில் காயவைக்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். கூடவே கூடாது. சூட்டில் நாடா நெளிந்துவிடும், நெளிந்த நாடாவில் படம் திரும்பாது. நல்ல காற்றோட்டமுள்ள, நிழலான அறையில் ஒரு நாள் முழுக்க வைத்திருந்து, பிறகு டெக்கில் முழுவதும் ஒருமுறை முன்னோக்கியும் பின்னோக்கியும் சுற்றிவிட்டு, அதன்பின் ஓட்டுங்கள். ஒரு மூன்று மணி நேரக் கேசட்டுக்குள் ஏறத்தாழ 250 மீட்டர் நாடா இருக்கிறது. பல ஆண்டுகள் அசையாமல் கிடந்தது ஒரேயடியாக இழுபட்டால் அறுந்து போகலாம்.

டெக்கைத் தேடுவது

இதுதான் இன்று மிகக் கடினமான படி. உலகில் கடைசியாக விஎச்எஸ் டெக் தயாரித்துவந்த ஜப்பானின் புனாய் நிறுவனம் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனிக் கிடைப்பதெல்லாம் பழையவைதான். முதலில் உறவினர் வீட்டுப் பரண்களில் தேடுங்கள். அடுத்து, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் விசாரியுங்கள். மரத்தூணுக்கும் எனாமல் தட்டுக்கும் நடுவே எப்போதாவது ஒன்று அகப்படும். வாங்குமுன் போடுவதற்கு, போனாலும் பரவாயில்லை என்ற ஒரு கேசட்டைக் கையோடு கொண்டு போங்கள். இரண்டு டெக் கிடைத்தால் இரண்டையும் வாங்குங்கள். ஒன்று உதிரிபாகத்துக்கு ஆகும்.

தொடரைப் பதிவு செய்தவர்கள் கேசட்டை மிச்சம் பிடிக்க, பாதி வேகத்தில் ஓடும் ‘எல்பி’ முறையில் பிடித்திருப்பார்கள். மூன்று மணி நேரக் கேசட்டில் ஆறு மணி நேரம் கொள்ளும். உங்கள் டெக்குக்கு அந்த வேகம் தெரியாவிட்டால் படம் தாறுமாறாக ஓடும். கேசட் கெட்டுவிட்டது என்று எண்ணித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்தியா, சிங்கப்பூர், மலேசியா, இலங்கை எல்லாவற்றின் அன்றைய ஒளிபரப்பும் பிஏஎல் என்ற முறையில், படத்துக்கு 625 வரிகள் கொண்டது. தென்கோடியில் உயரமான குழாயில் ஆன்டெனா கட்டி இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சியைப் பார்த்தவர்கள் பிடித்துவைத்த கேசட்டும் அதே டெக்கில் ஓடும். அமெரிக்காவிலிருந்து வந்த கேசட் மட்டும் என்டிஎஸ்சி என்ற வேறு முறை. அதற்கு இரண்டு முறையும் தெரிந்த டெக் வேண்டும்.

டெக்கின் தலையைச் சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மான்தோல் துணியும் போதும். காதுக்குப் பயன்படுத்தும் பஞ்சுக் குச்சி வேண்டாம். அதன் இழை தலையில் சிக்கினால் அந்த டெக் போச்சு.

கணினிக்குள் ஏற்றுவது

டெக்கிலிருந்து வரும் படத்தைக் கணினிக் கோப்பாக மாற்ற ஒரு கேப்சர் கருவி வேண்டும். டெக்கில் எஸ்-வீடியோ வழி இருந்தால் மஞ்சள் கம்பிக்குப் பதில் அதைப் பயன்படுத்துங்கள். நிறங்கள் ஒன்றோடொன்று கலங்காமல் வரும். பழைய நாடாவில் படம் ஓரத்தில் கொடிபோல் அசையும். டெக்கின் சுழற்சி நேரம் தவறுவதால் வரும் கோளாறு அது. நேரத்தைச் சரிசெய்யும் கருவி விலை அதிகம்; சில பழைய டிவிடி ரெக்கார்டர்களின் வழியாகச் சமிக்ஞையைக் கடத்திவிட்டால் அந்த அசைவு பெருமளவு அடங்கும். பழைய சாமான் கடையில் ரெக்கார்டரைப் பார்த்தால் விடாதீர்கள்.

மூலப் பிரதிக்கான, அதாவது கைவைக்காமல் பாதுகாக்கும் பிரதிக்கான, அமைப்பு இப்படி இருக்கட்டும்: அகலம் 720, உயரம் 576 புள்ளிகள், நொடிக்கு 25 படச்சட்டம் (பிரேம்), ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், பிசிஎம் என்ற சுருக்கப்படாத வகை. விர்ச்சுவல்டப் என்ற இலவச மென்பொருளில் இவற்றைக் கொடுக்கலாம். கோடெக், அதாவது படத்தைச் சுருக்கும் முறை, எஃப்எஃப்வி1. தரத்தில் ஒரு துளியும் இழக்காமல் சுருக்குவது இது. காப்பகங்கள் நம்பிப் பயன்படுத்துகின்றன. படத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் சரிபார்ப்பு எண்ணைக் கோப்புக்குள்ளேயே எழுதிவைக்கும் வசதியும் அதன் மூன்றாம் பதிப்பில் இருக்கிறது. மட்ரோஸ்கா வகைக் கோப்பில் சேமியுங்கள். இரண்டும் யாருக்கும் சொந்தமில்லாத திறந்த தரங்கள்; எந்த நிறுவனம் மூடிப் போனாலும் திறக்க வழி இருக்கும்.

தொலைக்காட்சிப் படம் ஒற்றைப்படை வரியும் இரட்டைப்படை வரியும் மாறி மாறி வரும் இன்டர்லேஸ் முறையில் வருவது. கணினித் திரையில் அசைவுகளில் சீப்புப் பல்போலக் கோடுகள் தெரியும். மூலப் பிரதியில் அதைச் ‘சரிசெய்ய’ வேண்டாம். நிறத்தைப் பளிச்சிட வைப்பது, செயற்கை நுண்ணறிவால் முகத்தைக் கூர்மையாக்குவது எதுவும் அதில் வேண்டாம். வேண்டுமானால், பார்ப்பதற்கென்று தனியாக எடுக்கும் பார்வைப் பிரதியில் செய்துகொள்ளுங்கள்.

மூன்று மணி நேரக் கேசட்டுக்கு மூன்று மணி நேரம் ஆகும்; எல்பியில் பிடித்ததென்றால் ஆறு. வேகமாக முடிக்க வழியே கிடையாது. இடையில் மின்சாரம் போனால் கோப்பு பாழாகும் என்பதால் யுபிஎஸ் அவசியம். எஃப்எஃப்வி1 கோப்பு மணிக்குத் தோராயமாக 30 ஜிபி பிடிக்கும். எல்லாம் சாதாரண வேகத்தில் பிடித்தவையாக இருந்தால், ஒரு கேசட்டுக்கு 90 ஜிபி வீதம் 41 கேசட்டுக்கு ஏறத்தாழ 3.7 டிபி; எல்பி கேசட்டுக்கு இரு மடங்கு. ஆகவே குறைந்தது 5 டிபி வட்டாக (ஹார்ட் டிஸ்க்) வாங்குங்கள், 4 டிபியில் நெருக்கடி வரும். பார்ப்பதற்கென்று எச்.264 கோடெக்கில் தனியாக ஒரு சிறு பிரதி எடுத்தால் மணிக்கு ஒன்றரை ஜிபிக்குள் அடங்கிவிடும்.

விளம்பரத்தை வெட்டாதீர்கள்

பல ஆண்டுகளுக்கு முன்பு எங்கள் வீட்டுக் கேசட்டுகளில் ஆறை ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றினோம். ‘சுத்தம் செய்து’ கொடுத்தார்கள்: விளம்பரம், அறிவிப்பு, முடிவுப் பெயர்ப் பட்டியல் எல்லாவற்றையும் வெட்டியிருந்தார்கள். கேசட்டுகள் கெட்டுப்போனவை என்று குப்பையில் போட்டுவிட்டார்கள். அந்த ஆறும் எந்தத் தேதியில் வந்தவை, யார் யார் நடித்தவை என்று இன்றுவரை எனக்கு உறுதியாகத் தெரியாது. என்னை அதிகம் வருத்தும் இழப்பு இது.

மாறாக, வெட்டாமல் விட்ட கேசட் 017இல் நடந்ததைச் சொல்கிறேன். அப்பத்தா எழுதியது ‘செவ்வாய்’ மட்டும். நாடகம் முடிந்து பெயர்கள் ஓடின. ஒரு சோப்பு விளம்பரம். திரை ஒரு நொடி நடுங்கியது. பிறகு செய்தி வாசிப்பவர், இன்று காலை வட இந்தியாவில் முழுச் சூரிய கிரகணம் தெரிந்தது என்று தொடங்கியதும் பதிவு நின்றுவிட்டது. அப்பத்தா எழுந்து போய்ப் பொத்தானை அழுத்த ஆன அந்தப் பத்து நொடிகள்தான் எனக்குத் தேதியைத் தந்தன. அந்தக் கிரகணம் 1995 அக்டோபர் 24, செவ்வாய்க்கிழமை. அந்த ஒரு புள்ளியிலிருந்து முன்னும் பின்னும் வாரக் கணக்குப் போட்டு ஒன்பது பகுதிகளுக்கு உத்தேசத் தேதி கிடைத்தது. அவற்றைப் பழைய நாளிதழ்களின் தொலைக்காட்சி நிகழ்ச்சிப் பகுதியோடு ஒப்பிட்டு ஏழை உறுதி செய்தேன், இரண்டைத் திருத்தினேன். ஒரு வாரம் கிரிக்கெட்டுக்காக ஒளிபரப்பு தள்ளிப் போயிருந்தது.

பேரேடு: ஒரு பகுதிக்கு ஒரு பக்கம்

ஒரு விரிதாளில் இந்தப் பத்திகளைப் போடுங்கள்: கேசட் எண், கேசட்டுக்குள் தொடங்கும் நேரம், முடியும் நேரம், தொடரின் பெயர், பகுதியின் பெயர் இருந்தால் அது, பகுதி எண், அலைவரிசை, ஒளிபரப்பான தேதி, அந்தத் தேதி எப்படித் தெரிந்தது, நடிகர்கள், எழுத்து, இயக்கம், கதைச் சுருக்கம் மூன்று வரி, படத்தின் நிலை, யாரிடமிருந்து வந்தது. ‘எப்படித் தெரிந்தது’ என்ற பத்தியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். என் கணிப்பில் அதுதான் உயிர். திரையில் பார்த்ததா, கேசட்டின் மேல் எழுதியிருந்ததா, நாளிதழில் கண்டதா, யாரோ நினைவிலிருந்து சொன்னதா என்று பிரித்து எழுதுங்கள்.

நீண்ட நாள் ஓடிய தொடர்களில் பகுதி எண்ணை மட்டும் நம்ப முடியாது. ‘சின்ன பாப்பா பெரிய பாப்பா’ போன்ற தொடர்கள் இடைவெளி விட்டுவிட்டு, ஒரே பெயரில் பல பாகங்களாக வந்தவை. நடிகர்களும் மாறியிருப்பார்கள். ‘பகுதி 12’ என்றால் எந்தப் பாகத்தின் 12 என்று தெரியாது. அதனால் கோப்பின் பெயரில் கேசட் எண்ணும் தேதியும் முன்னால் வரட்டும்: 017, 1995-10-24 என்பதுபோல, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில். கணினி அடுக்கும்போது தானாகவே கால வரிசைக்கு வந்துவிடும்.

வசனத்தைத் தட்டச்சு செய்ய ஆள் கிடைத்தால் பெரும் பாக்கியம். முழு வசனம் முடியாவிட்டாலும் சிரிப்பு வெடித்த இடங்களின் வசனத்தையாவது எழுதுங்கள். பிற்காலத்தில் தேடுகிறவர்கள் பகுதி எண்ணை வைத்துத் தேட மாட்டார்கள், நினைவில் நிற்கும் ஒரு வரியை வைத்துத்தான் தேடுவார்கள்.

பங்காளிகளுக்கு ஒவ்வொரு பிரதி

எங்கள் வீட்டில் பட்டாலை என்னும் கூடம் எல்லோருக்கும் பொது. உள் அறைகள் மட்டும் பங்குக்கு ஒன்று. பிரதிகளையும் அப்படித்தான் பிரித்தோம். மூலப் பிரதியும் பேரேடும் அடங்கிய வட்டு பள்ளத்தூரில் ஒன்று, சென்னையில் ஒன்று, கோலாலம்பூரில் ஒன்று. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்றாவது வேறு ஊரில் என்பது காப்பகத்தார் சொல்லும் பொதுக் கணக்கு. வெள்ளமோ திருட்டோ ஒரே நாளில் மூன்று ஊருக்கும் வராது. ஹார்ட் டிஸ்க்குகளை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுங்கள். எஸ்எஸ்டியை மின்சாரமில்லாமல் ஆண்டுக்கணக்கில் பீரோவில் பூட்டி வைப்பது நம்பத் தகுந்ததல்ல.

ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 முறையில் ஒரு கைரேகை எண் எடுத்துப் பேரேட்டில் எழுதுங்கள். 64 எழுத்துகள் வரும். கோப்பில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் அந்த எண் முழுக்க மாறிவிடும். நாங்கள் ஆண்டுதோறும் விஜயதசமியன்று சரிபார்க்கிறோம். கணக்குப் புத்தகத்தைப் பூசையிலிருந்து எடுத்துப் பிரிக்கும் நாளுக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது. சென்ற முறை ஒரு வட்டில் இரண்டு கோப்புகளின் எண் மாறியிருந்தது. மற்ற ஊர்ப் பிரதியிலிருந்து எடுத்து மாற்றினோம்.

இணையத்தில் எங்கே, எவ்வளவு

ஆசைப்பட்டு உடனே எல்லாவற்றையும் ஏற்றிவிடத் தோன்றும். சட்டத்தை முதலில் பாருங்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட தொடருக்குத் திரைப்படத்துக்குரிய உரிமைக் காலம்: வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். 1995இல் வெளியான பகுதிக்கு 2055 முடியும்வரை உரிமை உண்டு. ஒளிபரப்பிய நிறுவனத்தின் தனி உரிமை 25 ஆண்டுகள். அது 2020உடன் முடிந்திருக்கும். முடிந்தாலும் தயாரித்தவரின் உரிமை நிற்கிறது. எழுத்தாளரின் உரிமை அவர் ஆயுளும் அதன்பின் 60 ஆண்டுகளும்.

வணிக நோக்கமில்லாத பொது நூலகம், தன்னிடம் உள்ள டிஜிட்டல் அல்லாத பிரதியைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்கலாம் என்று 2012 திருத்தம் வழி செய்திருக்கிறது. ஆகவே தனி ஆளாக நிற்பதைவிட ஒரு நூலகத்தோடு சேர்வது நல்லது. கேசட்டையே அவர்களிடம் ஒப்படைத்தால் சட்டமும் துணை நிற்கும்.

பேரேட்டை எந்தத் தயக்கமும் இல்லாமல் திறந்து வெளியிடுங்கள். எந்தப் பகுதி யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலே இன்று பல தொடர்களுக்கு இல்லை. காணொளிகளுக்குத் தயாரிப்பு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: உங்களிடம் இருப்பது, அதன் தரம், விலை கேட்கவில்லை, மூலப் பிரதியைத் தரத் தயார் என்று நாலே வரி. எனக்கு மூன்று கடிதங்களுக்கு ஒரு பதில் வந்தது. வந்த பதில் மகிழ்ச்சியானது. தங்களிடம் இல்லாத பகுதிகள் எவை என்று அவர்களே ஒரு பட்டியல் அனுப்பினார்கள்.

அனுமதி கிடைத்தவற்றை 1996இல் புரூஸ்டர் காலே தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றலாம். பிலடெல்பியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி தம் வீட்டிலிருந்தே 30 ஆண்டுகளுக்கு மேலாகத் தொலைக்காட்சியைப் பதிவு செய்து சேர்த்த 70,000க்கும் மேற்பட்ட நாடாக்கள் போய்ச் சேர்ந்த இடமும் அதுதான். ஒரு பகுதிக்கு ஒரு பக்கம் என்று தனித்தனியாக ஏற்றி, பேரேட்டின் பத்திகளைத் தமிழிலேயே விவரத்தில் போடுங்கள். கல்யாணக் காட்சிகளை நீக்கிவிட்டு ஏற்றுங்கள். தொடர்தான் பொது, அந்த வீட்டார் முகங்கள் பொதுவல்ல. 2024 அக்டோபரில் அந்தத் தளமே தாக்குதலுக்கு உள்ளாகிப் பல நாள் முடங்கியது. உரிமைக்காரர் கேட்டால் நீக்கவும் செய்வார்கள். யூடியூபில் தயாரிப்பாளர்களே ஏற்றியிருக்கும் பகுதிகளுக்கும் இதே நிலைதான்: சேனல் போனால் எல்லாம் போகும். இணையம் பலரும் பார்ப்பதற்கான வாசல், பெட்டகம் உங்கள் மூன்று வட்டுகள்.

நம் ஊர்க்காரர் ஒருவரை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. கோட்டையூர் ரோஜா முத்தையா, நூல்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும்கூடச் சேர்த்தவர். 1992இல் அவர் மறைந்த பிறகு அந்தத் தொகுப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. அதைக் கொண்டு 1994இல் சென்னையில் உருவான ஆய்வு நூலகம் இன்று அவர் பெயரில் இயங்குகிறது. பழைய வார இதழ்களைத் தேடி அந்த நூலகத்துக்குப் போனபோது, ஒரு தொடரின் நடிகர் பெயர்கள் எனக்குக் கிடைத்தன. வாங்கிப் படித்துவிட்டு எறியும் காகிதம் என்று பிறர் நினைத்ததை அவர் எறியாததால் கிடைத்தவை அவை.

கேசட்டைத் திருப்பி வைப்பது

பதிவு முடிந்ததும் கேசட்டைக் குப்பையில் போடாதீர்கள். நாளை இதைவிட நல்ல கருவி வரலாம், உங்கள் பிரதியில் குறை இருப்பதும் பின்னால் தெரியவரலாம். முழுவதும் பின்னோக்கிச் சுற்றி, புத்தகம்போல நிமிர்த்தி, நாடா நிறைந்த சுருள் கீழே வரும்படி வையுங்கள். ஸ்பீக்கர், மோட்டார் அருகே வேண்டாம். சுவரை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டு, தரையிலிருந்து உயர்த்தி வைத்தால் மழைக்காலத்து ஈரம் ஏறாது. எண் எழுதிய சிறு சீட்டைக் கேசட்டில் ஒட்டாமல் உறைக்குள் செருகுங்கள். இரவல் வாங்கிய கேசட்டை, பார்வைப் பிரதி போட்ட ஒரு பென்டிரைவோடு சேர்த்து அந்த வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுங்கள். தேவகோட்டை ஆச்சி முதலில் கல்யாணத்தைத்தான் போடச் சொன்னார். அது முடிந்து தொடர் தொடங்கியதும், எழுந்திருக்கப் போனவர் மறுபடி உட்கார்ந்துவிட்டார்.